இரண்டு மணி நேரப் பிரயாணம்

உம்ராவை நிறைவேற்றித் திரும்பிய நம் பழைய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். ஜம்ஜம் நீரையும் பேரீச்சம்பழத்தையும் தந்தபின், தயங்கியவாறே ஒரு மஸ்அலாவைத் தொடங்கினார்.

“ஹஜ்ரத், மக்காவிலிருந்து மதீனாவுக்கு ரயிலில் போனேன். லுஹருக்கு முன் புறப்பட்டு, அஸருக்கு முன்பே சேர்ந்துவிட்டேன். மூன்று நாள் தங்குவதாக நிய்யத்து. ஜமாஅத் முடிந்திருந்ததால் தனியே தொழ நின்றேன். இரண்டு ரக்அத்தாகச் சுருக்க மனம் வரவில்லை, நான்காகவே தொழுதேன். குளிர்ந்த பெட்டியில் உறங்கிக்கொண்டு போனவனுக்குச் சலுகை எதற்கு?”

தொழுகை கூடும். ஷாபிஈ மத்ஹபில் முழுமையாகத் தொழ அனுமதியுண்டு. ஹனஃபி மத்ஹபினருக்கோ சுருக்குவதே வாஜிப். நம்மைச் சிந்திக்கவைத்தது அத்தொழுகையன்று, அதன் பின்னிருந்த கூச்சமே.

அவர் கடந்த தூரம் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தவ்ர் குகையில் மூன்று இரவுகள் மறைந்திருந்து, பின்னர் ஆள் நடமாட்டமற்ற வழிகளில் ஒரு வாரத்திற்கும் மேலாகப் பயணம் செய்தார்கள். ஒட்டகக் கூட்டங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் ஆயின. டமாஸ்கஸிலிருந்து வந்த ஹிஜாஸ் ரயில் 1908இல் மதீனாவோடு நின்றது, மக்காவை எட்டவேயில்லை. இன்று சாலைவழி நாலைந்து மணி நேரம். 2018இல் தொடங்கிய விரைவு ரயிலிலோ இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். விமானத்தில் செல்வோருக்கு மக்காவில் விமான நிலையமில்லை. ஜித்தாவுக்குப் போய், காத்திருந்து, ஒரு மணி நேரம் பறந்து இறங்குவதற்குள் ரயிலில் சென்றவர் மதீனாவில் உணவே அருந்தியிருப்பார்!

நேரம் சுருங்கியதால் சட்டமும் சுருங்குமா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் மறைந்தவர்கள். தமது மின்ஹாஜில், சுருக்கித் தொழுவதற்குரிய தூரம் 48 மைல் என்பதைச் சொல்லி, கடலும் தரையைப் போன்றதே, அத்தூரத்தைக் கடலில் ஒரே மணி நேரத்தில் கடந்தாலும் சுருக்கலாம் என்கிறார்கள். பாய்மரக் கப்பலை எண்ணி எழுதிய அச்சொல் விமானத்திற்கும் பொருந்துகிறது.

சட்டத்தின் காரணமாகிய ‘இல்லத்’ வேறு, அதன் நோக்கமாகிய ‘ஹிக்மத்’ வேறு. சிரமத்தை நீக்குவது நோக்கம், பிரயாணமே காரணம். ஆகவேதான் பல்லக்கில் செல்லும் அரசன் சுருக்குகிறான். உள்ளூரில் நாளெல்லாம் மூட்டை சுமப்பவன் சுருக்குவதில்லை. ஒவ்வொருவர் களைப்பையும் நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது? தூரத்தை அளக்கலாம், களைப்பை அளக்க முடியாது.

இது சட்டத்தின் விடை. மாணவரின் கூச்சம் அதனால் தீர்ந்துவிடாது. தாம் பட்ட பாட்டுக்குக் கூலியாகவே சலுகை வரவேண்டுமென அவர் எண்ணினார். அச்சம் நீங்கிவிட்ட பிறகும் ஏன் சுருக்க வேண்டுமென உமர் (ரலி) அவர்களே ஐயுற்றுக் கேட்டார்கள். அது அல்லாஹ் வழங்கிய தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்திலேயே நாயகம் (ஸல்) அவர்களின் மறுமொழி அமைந்தது. தர்மத்தைக் கூலியாக மாற்ற விரும்பும் மனத்தில், பேணுதலோடு சிறிது பெருமையும் கலந்திருக்கக் கூடும். சுருக்குவதில் மனவெறுப்புக் கொள்பவருக்குச் சுருக்குவதே சிறந்ததென நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுவதும் இந்நோயை அறிந்துதான் போலும்.

இதைச் சொன்னதும் மாணவர் சற்று நேரம் பேசவில்லை.

“ஹஜ்ரத், உண்மையில் எனக்குக் குறையாகப் பட்டது வேறு. ஸலவாத் ஓதிக்கொண்டே போக வேண்டுமென்றிருந்தேன். கண் அயர்ந்தேன், விழித்தால் மதீனா. மனம் இன்னும் வந்து சேரவில்லை.”

அதற்கு நாம் கிதாபைப் புரட்டவில்லை. அடுத்த முறை சாலைவழியே போகப்போவதாகச் சொல்லி அவர் விடைபெற்றார்.