வாட்ச்சில் நிற்பவன் பங்கு

கப்பலில் கிழமையைச் சொல்வது காலண்டர் அல்ல, சமையல்காரர் என்பார் என் சித்தப்பா. பிரியாணி வாசனை மூக்கில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான் கணக்கு. வணிகக் கப்பல்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியவர், கடைசியில் மாலுமிகளை மேய்க்கும் சாரங்காக ஓய்வு பெற்றார்.

1987 கிறிஸ்துமஸுக்கு அவர் பாரசீக வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கப்பலில் இருந்தார். ஈரான்–இராக் போர் எட்டாவது ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. எதிராளியின் எண்ணெய் வருமானத்தை அடைக்க இரண்டு நாடுகளும் சரக்குக் கப்பல்களைக் குறிவைத்தன. அந்தப் போரில் அடிபட்ட கப்பல்கள் நானூறுக்கும் மேல். அவற்றில் வேலை செய்தவர்களில் பலருக்கு இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை, சம்பளத்துக்கு வந்தவர்கள்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் அந்த வருடம் ஸ்டார் தொங்கியது. குடிலும் கட்டினோம். ஆனால் அம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றவே இல்லை. நான் முந்திரிக்கொத்து கேட்டதற்கு, "தம்பி கடல்ல என்னத்தத் தின்னுட்டு இருக்கோ, ஒனக்கு இங்க பலகாரம் கேக்குதோ?" என்று ஒரு அதட்டல். நடுச்சாமப் பூசைக்குப் போய்விட்டு வந்து படுத்துக்கொண்டோம். எனக்குப் பதினோரு வயது. வீட்டில் ஒருவர் ஆபத்தில் இருக்கும்போது மற்றவர்கள் பண்டிகை கொண்டாடுவது தப்பா? சரி, ஆபத்தில் இருப்பவரே கொண்டாடினால்? அது தைரியமா, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதா? அப்போது இவ்வளவு தெளிவாகக் கேட்கத் தெரியவில்லை. ஆனால் கேள்வி அன்று முளைத்ததுதான்.

பல வருடங்கள் கழித்து லண்டனில், தேம்ஸ் நதியில் நிற்கும் ஹெச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலுக்குள் இறங்கியபோது அந்தக் கேள்வி மறுபடியும் வந்தது. 1971 முதல் அது அருங்காட்சியகம். செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கினால் மாலுமிகளின் கூடம். சாப்பாட்டு மேசைகள், அவற்றுக்கு மேலே உத்தரத்தில் கொக்கிகள். பிள்ளைக்குத் தூளி கட்டுவதுபோல அந்தக் கொக்கிகளில் கித்தான் தூளி கட்டித் தூங்குவார்கள். ஒருவனுக்குச் சொந்தமென்று இருந்தது அந்தத் தூளியின் அகலம்தான். நூற்றுக்கணக்கான ஆட்கள் இப்படி அடுக்கி வைத்தாற்போலக் கிடந்த கப்பல் அது.

பிரிட்டிஷ் கடற்படையில் கிறிஸ்துமஸுக்கென்று பழைய வழக்கங்கள் உண்டு. பாய்மர உச்சியில் பசுமரக் கிளையைக் கட்டுவார்கள். கப்பலிலேயே வயதில் இளையவன் அன்று கேப்டனின் கோட்டை மாட்டிக்கொண்டு, தகரத் தட்டுகளைத் தட்டிக்கொண்டு வரும் கூட்டாளிகளோடு கப்பலைச் சோதனை போடுவான். அதிகாரிகள் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து மாலுமிகளுக்குப் பரிமாறுவார்கள். வருடம் முழுக்க சல்யூட் வாங்கிய கை அன்று ஒருநாள் உருளைக்கிழங்கை அள்ளி வைக்கும். மறுநாள் பழையபடி கட்டளைதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் கோட்டு கழற்றி மாட்டக்கூடிய ஒன்று என்பதை இரண்டு தரப்பும் ஒருமுறை பார்த்துவிடுகின்றன.

இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943 டிசம்பரில், பெல்ஃபாஸ்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சோவியத் நாட்டுக்குத் தளவாடம் கொண்டுபோகும் கப்பல் அணிகளுக்குத் துணையாக, நார்ஃபோக், ஷெஃபீல்டு என்ற இரண்டு கப்பல்களோடு அது 23ஆம் தேதி அந்நாட்டின் வடகரையிலுள்ள கோலா துறையிலிருந்து கிளம்பியது. 25ஆம் தேதி நார்வேக்கு வடக்கே நடுக்கடலில், புயல் காற்றில். அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. நண்பகலை ஒட்டி ஒரு மங்கல் வெளிச்சம், பிறகு இருட்டு. தளத்தின் மேல் தெறிக்கும் தண்ணீர் அப்படியே உறைந்துவிடும். கொத்தி எடுக்காவிட்டால் மேல்பாரம் கூடிக் கப்பல் கவிழும். பாளமாக வரும் சாக்லேட்டைச் சீவி வெந்நீரில் கரைத்த கெட்டிக் கோகோதான் இரவுக் காவலில் நிற்பவர்களுக்குத் துணை. கப்பலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது எப்போதுமே நடக்காது; யாராவது நாலு மணி நேர வாட்ச்சில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். அன்றோ உட்கார்ந்தவர்களின் தட்டும் மேசையில் நின்றிருக்காது.

அதே நாளில் நார்வேயின் லாங்ஃப்யோர்டில் ஜெர்மன் போர்க்கப்பல் ஷார்ன்ஹார்ஸ்ட் நங்கூரமிட்டிருந்தது. அதில் இருந்தவர்களுக்கும் அது கிறிஸ்துமஸ்தான். மாலை ஏழு மணிவாக்கில் கப்பல் அணியைத் தாக்கக் கிளம்பியது. பெல்ஃபாஸ்டும் மற்ற பிரிட்டிஷ் கப்பல்களும் எதிர்த்துச் சண்டையிட, மறுநாள் இரவு ஏழே முக்கால் மணிவாக்கில் மூழ்கியது. இருந்தவர்கள் 1,968 பேர். உயிரோடு தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டவர்கள் 36 பேர்.

அந்தச் சண்டையில் இன்னொரு உயிரும் போனது. கோலாவில் சோவியத் தரப்பில், பெல்ஃபாஸ்டில் இருந்த அட்மிரல் பர்னெட்டுக்கு ஒரு துருவ மானைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். பெயர் ஓல்கா. பெல்ஃபாஸ்டில் விமானம் நிறுத்தும் கொட்டகையில் அதைக் கட்டி வைத்திருந்தார்கள். பீரங்கிச் சத்தத்தில் அது வெறிபிடித்துப் போனது. சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு வந்த வாழ்த்து அட்டைகளில் வண்டி இழுத்துக்கொண்டிருந்த அதே மான்.

அன்றிரவு வென்ற தரப்பின் அட்மிரல் ஃபிரேசர் தன் அதிகாரிகளைக் கூட்டி, தன்னைவிடப் பலமான எதிரியோடு மோத நேர்ந்தால் இன்று ஷார்ன்ஹார்ஸ்ட் நடத்தப்பட்டதுபோல நீங்களும் உங்கள் கப்பலை நடத்த வேண்டும் என்ற பொருளில் பேசினார். பண்டிகை கற்றுக்கொடுத்த பண்பு இது என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். எனக்கு அந்தத் துணிவு இல்லை. ஒரே பிறப்பைக் கொண்டாடிய இரண்டு கூட்டமும் ஒருநாள் இடைவெளியில் ஒன்றை ஒன்று சுட்டன. பண்டிகை எந்தப் பீரங்கியையும் வாய்மூட வைக்கவில்லை. பிறகு அதனால் என்ன பயன்?

பெல்ஃபாஸ்ட் கோலாவுக்குப் போய் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, புத்தாண்டுக்கு ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து கரை தொட்ட இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு முதல் உலகப்போர்க் காலத்துப் பித்தளைப் பெட்டி ஒன்று நினைவுக்கு வந்தது. 1914 கிறிஸ்துமஸுக்கு, பதினேழு வயது இளவரசி மேரியின் பெயரில் பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கடலில் இருந்த மாலுமிகளுக்கும் போர்முனைச் சிப்பாய்களுக்கும் அனுப்பிய பெட்டி. புகைப்பவனுக்குப் புகையிலை. புகைக்காதவனுக்கு மிட்டாய். பிரான்ஸுக்குப் போயிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மசாலாப் பொருட்களும் போயின. பலருக்கு அது கிறிஸ்துமஸ் கழிந்து வெகுநாள் ஆன பிறகே கிடைத்தது. தாமதமாகப் போனவற்றில் புத்தாண்டு வாழ்த்து அட்டையை வைத்து அனுப்பினார்கள். தேதி போய்விட்டதே என்று பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. அது உன் பங்கு; நீ வரும்வரை, அல்லது உன்னை எட்டும்வரை, அது உன்னுடையது.

சித்தப்பா 1988 பிப்ரவரியில் வீடு வந்தார். சாம்பல் புதனுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. "தவக்காலம் தொடங்குறதுக்குள்ள செஞ்சிரணும்" என்று அம்மா முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறை வறுத்தாள். சித்தப்பா அடுக்களை வாசலில் குந்தி உட்கார்ந்து கப்பல் கிறிஸ்துமஸைச் சொன்னார். வெளிச்சம் வெளியே கசியாமல் சாப்பாட்டு அறைத் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்களாம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். கோவாக்காரச் சமையல்காரர் ரொட்டி சுடும் தட்டிலேயே கேக் செய்திருந்தார். ஒரு பக்கம் கருகியிருந்தது. கருகின பக்கத்துக்கும் ஆள் இருந்தது.

"நீங்க என்ன மதினி செஞ்சீங்க?" என்றார்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "வாட்ச்ல நிக்கிறவன் பங்கை எடுத்து மூடி வச்சிட்டு, மத்தவங்க சாப்பிடணும் மதினி. கப்பல்ல அதுதான் சட்டம். அவன் நிக்கிறான்னு எல்லாரும் பட்டினி கெடந்தா, வாட்ச் முடிஞ்சு எறங்கி வந்து அவன் என்னத்தத் திங்கிறது?"

அம்மா வறுபயறைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

பெல்ஃபாஸ்டின் அந்தக் கூடத்தில் கொக்கிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்த பதிலும் இதைத் தாண்டி எதுவும் இல்லை. பண்டிகை போரை நிறுத்தாது. போருக்கு வெளியே தனக்கென ஒரு பங்கு மூடி வைத்திருக்கிறது என்பதை நிற்பவனுக்கு அது சொல்லும். அந்தப் பங்கை வந்து எடுத்துக்கொள்ள எல்லோராலும் முடிவதில்லை. ஷார்ன்ஹார்ஸ்டில் 1,932 பேரால் முடியவில்லை. மூடி வைப்பவர்களுக்கு அது முன்கூட்டியே தெரியாது. தெரியாமல்தான் மூடி வைக்கிறார்கள்.

அடுத்த டிசம்பரில் போர் ஓய்ந்திருந்தது. சித்தப்பா வேறொரு கப்பலில், வேறொரு கடலில். அம்மா முந்திரிக்கொத்து சுட்டாள். நாங்கள் வயிறு முட்டத் தின்றோம். பத்து உருண்டைகளை மட்டும் ஒரு தூக்குவாளியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றினாள். அவர் வந்தது மே மாதம். துணியை அவிழ்த்ததும் காறல் வாடை அடித்தது. அம்மா வாளியைப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள். சித்தப்பா வாங்கிக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தார். பத்தையும் தின்றார். எங்கள் யாருக்கும் ஒன்று கூடத் தரவில்லை.