வடக்கே பார்த்த கண்கள்

(2024 வைகாசி விசாகத்தன்று கொடைக்கானல் மலையில் உள்ள கூக்காலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று வைகாசி விசாகம், முருகப்பெருமானின் திருநட்சத்திரம். இந்த நாளில் சரவணப்பொய்கை, ஆறு தாமரை, கார்த்திகைப் பெண்கள் என்று பேசுவதுதான் வழக்கம். நானும் அதற்குத்தான் தயார் செய்துகொண்டு வந்தேன். ஆனால் மத்தியானம் இங்கே வந்து இறங்கியது முதல் காதில் விழுவது வேறு பேச்சு. டீக்கடையிலும் தேர்தல், ஏரிக்கரையிலும் தேர்தல், காரட் மூட்டை ஏற்றுகிற இடத்திலும் தேர்தல். அது உற்சாகமான பேச்சாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். "எவன் வந்தா என்ன சாமி, நமக்கு என்ன ஆகப்போகுது" என்றார் ஒரு பெரியவர். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது. கோபப்படுகிறவனுக்கு நம்பிக்கை கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். அலுத்துப்போனவர் கடையைக் கட்டிவிட்டார் என்று அர்த்தம். அதனால் சரவணப்பொய்கையை நாளை மாலைக்கு வைத்துக்கொள்வோம். இன்றைக்கு இந்த அலுப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

அலுக்காமல் என்ன செய்யும்? ஏப்ரல் 19-ஆம் தேதி நாம் ஓட்டுப் போட்டோம். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் அன்றோடு முடிந்தது. ஆனால் நாட்டுக்கு முடியவில்லை. மொத்தம் ஏழு கட்டம். முந்தாநாள்தான் ஐந்தாவது கட்டம் முடிந்திருக்கிறது. வரும் 25-ஆம் தேதி ஒன்று, ஜூன் 1-ஆம் தேதி ஒன்று. அதற்குப் பிறகு 4-ஆம் தேதி எண்ணிக்கை. விரலில் மை வைத்த நாளுக்கும் பெட்டியைத் திறக்கிற நாளுக்கும் நடுவே 46 நாள்! இதற்கு நடுவில் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் கிடையாது. கேட்டால் நடத்தை விதி என்கிறார்கள். பூண்டு விற்ற காசைக் கொண்டுவந்த ஆளைப் பறக்கும் படை நிறுத்தி, 50,000 ரூபாய்க்கு மேல் இருக்கிறதே, ரசீது எங்கே என்று கேட்டது. இந்த வருஷம்தான் பூண்டுக்கு விலை நன்றாக இருந்தது, அதிலும் இப்படி ஒரு பயம். ராத்திரி டிவியைப் போட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். செல்போனைத் திறந்தால் சித்தப்பா ஒரு கட்சி, மாப்பிள்ளை ஒரு கட்சி, குடும்பக் குரூப்பில் சண்டை. உடம்பு நோகாமலேயே மனுஷன் களைத்துப்போகிறான். மண்வெட்டி பிடித்த களைப்புக்குத் தூங்கி எழுந்தால் தீர்ந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிற களைப்பு தூக்கத்தையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டு போகிறது?

இந்தக் களைப்பை நன்றாக அறிந்த ஒருவரைப் பற்றி இப்போது சொல்கிறேன். திருநாவுக்கரசர், நாம் அப்பர் என்று கும்பிடுகிறவர். அவர் வரலாற்றை எழுதிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். அதிகாரத்தை உள்ளே இருந்து பார்த்த மனிதர், அதிகாரம் இல்லாத அடியார்களின் கதையைத் தேடித்தேடி எழுதினார். அதுவே யோசிக்கத்தக்க விஷயம்.

அப்பருக்கு வயதான காலம். காளத்தி மலையைத் தரிசித்தபோது ஓர் ஆசை பிறக்கிறது. இங்கே கண்டது போதாது, வடக்கே கயிலைக்கே போய் இறைவனைக் காண வேண்டும். புறப்பட்டுவிட்டார். காசியைத் தாண்டினார். கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியே நடந்தார். ராத்திரி பகல் பார்க்கவில்லை. பாதம் தேய்ந்தது. பாதம் தேய்ந்ததும் கையை ஊன்றித் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது. மார்பால் நகர்ந்தார். மார்பும் நைந்தபோது உருண்டார். அதுவும் முடியாமல் அசைவற்று வழியில் கிடந்தார். பெரியபுராணத்தில் இந்த இடத்தை வாசித்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். பக்தி இல்லாததால் வந்த தளர்ச்சியா இது? பக்தி மிகுந்து வந்த தளர்ச்சி. அக்கறை இல்லாதவனுக்கு அலுப்பே வராது, அதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அப்போது ஒரு முனிவர் வந்து நிற்கிறார். கயிலை மனிதர்கள் போய்ச் சேரும் இடமா, திரும்பிப் போ என்கிறார். அப்பர் மறுக்கிறார். என் தலைவனைக் காணாமல் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன் என்கிறார். வந்தவர் சிவபெருமானே என்று கதை கேட்கிற நமக்குத் தெரியும், அப்பருக்குத் தெரியாது. முனிவர் மறைகிறார். எழுந்திரு என்று ஓர் ஒலி கேட்கிறது. தேய்ந்த உறுப்புகள் முன்போல் ஆகின்றன. இந்தப் பொய்கையில் மூழ்கு, நீ தேடி வந்த காட்சியைத் திருவையாற்றில் காண்பாய் என்று உத்தரவு. மூழ்குகிறார். எழுந்தால் சோழநாட்டுத் திருவையாற்றுக் குளம்!

கரையேறினால் எதிரே என்ன? தேரில்லை, பூதகணமில்லை, வானத்தில் ஒளியில்லை. ஒரு யானை ஜோடி வருகிறது. ஒரு கோழி ஜோடி. குயில், மயில் என்று அந்த ஊரில் தினமும் திரிகிற உயிர்கள். அவற்றில் சிவனையும் சக்தியையும் கண்டார் அப்பர். கேட்ட கயிலாயம் அங்கேயே கிடைத்துவிட்டது.

இதை வைத்துக்கொண்டு, டெல்லியில் என்ன நடந்தால் நமக்கென்ன, சாமி கும்பிட்டுவிட்டுப் படுப்போம் என்று சிலர் உபதேசம் செய்வார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. கயிலாயம் பொய் என்று கதை சொல்லவில்லையே! டெல்லியும் பொய் இல்லை. உர விலை அங்கே தீர்மானமாகிறது, பெட்ரோல் வரி அங்கே தீர்மானமாகிறது. அரசன் ஆள் அனுப்பி அழைத்தபோது, வர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் இந்த அப்பர். அதற்காக நீற்றறையில் ஏழு நாள் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். அரசியல் தனக்கு எட்டாத விஷயம் என்று அவர் ஒதுங்கவில்லை. கடைசியில் அந்த அரசனே மனம் மாறினான். இன்றைய பாஷையில் சொன்னால் அப்பர் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் அரண்மனையில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தாரா? உழவாரத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். தோற்றாலும் புல், ஜெயித்தாலும் புல். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி, முடிவு எதுவானாலும் மறுநாள் காலையில் கை போகிற வேலை ஒன்று இருக்கிறது? உங்களுக்கு இருக்கிறது. மலைச்சரிவில் படி படியாக வெட்டி வைத்த நிலம் இருக்கிறது. மாடு இருக்கிறது. டவுனில் இருக்கிறவனுக்கு டிவியை அணைத்தால் கை சும்மா இருக்கும். அந்த வகையில் நீங்கள் பாக்கியசாலிகள், தெரிந்துகொள்ளுங்கள்.

நம் முன்னோர்கள் தேர்தல் நடத்திய விதத்தையும் சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். 30 குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. ஓலையில் பெயரை எழுதிக் குடத்தில் போடுவார்கள். யார் பெயரைப் போடலாம் என்பதில்தான் கண்டிப்பு முழுவதும். வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு. மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவன் மறுபடி வரக்கூடாது. கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது, அவனுடைய உறவுக்காரனும் வரக்கூடாது! அந்த ஒரு விதி இன்று இருந்தால் எத்தனை வேட்பாளர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பொற்காலம் என்று புகழ வரவில்லை. அது அந்தணர் சபை. எல்லோருக்கும் அங்கே இடமில்லை, பெண்களுக்கு இல்லவே இல்லை. இன்று இந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும், ஆணோ பெண்ணோ, ஓட்டு உண்டு, அது பெரிய வரம்.

இத்தனை கண்டிப்புக்கும் பிறகு குடத்திலிருந்து ஓலையை எடுப்பது யார் தெரியுமா? ஒரு சிறு பிள்ளை. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பாலகனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். என் மனதில் பல நாளாக ஓடுகிற விஷயம் இது. பெயர் எழுதுகிற வரைக்கும் பெரியவர்களின் முழு புத்தியும் வேண்டும், அதில் சோம்பல் கூடாது. எழுதிப் போட்ட பிறகு முடிவு குழந்தை கையில். நாம் என்ன செய்கிறோம்? போடுகிற வரைக்கும் யோசிப்பதில்லை, சொந்தக்காரன் சொன்னான், காசு வந்தது என்று போட்டுவிட்டு, அதற்குப் பிறகு 46 நாள் தூக்கம் கெட்டு யோசிக்கிறோம். நேர் தலைகீழ்.

காத்திருப்பது என்றால் நம்மைப்போலவே மலையில் வாழ்ந்த ஒருவர் ஞாபகம் வருகிறது. இமாசலப் பிரதேசத்தில் கல்பா என்று ஓர் ஊர். அங்கே பள்ளிக்கூட வாத்தியார் ஷியாம் சரண் நேகி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், பனி விழுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் ஓட்டுப்பதிவை வைத்தார்கள். 1951 அக்டோபர் 25-ஆம் தேதி அவர் ஓட்டுப் போட்டார். அந்தத் தேர்தல் நாடு முழுக்க முடிய 1952 பிப்ரவரி ஆனது. நமக்கு 46 நாள், அவருக்கு நாலு மாதம். டிவி இல்லாத நாலு மாதம், அது ஒரு சௌகரியம்! அதன் பிறகு எத்தனை ஆட்சி வந்தது, போனது. அவர் ஓட்டுப் போடுவதை விடவில்லை. 2022 நவம்பர் 2-ஆம் தேதி வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட்டார். 5-ஆம் தேதி இயற்கை எய்தினார். நூறு வயதைக் கடந்த மனிதர். அவருக்கு அலுப்பே வந்திருக்காதா என்ன? வந்தாலும் செய்தார்.

இப்போது பூம்பாறைக்கு வருவோம். நீங்கள் கொடைக்கானல் போகும்போதெல்லாம் வழியில் கும்பிடுகிற குழந்தை வேலப்பர். அருணகிரிநாதர் அந்தக் கோயிலில் ஒரு ராத்திரி தங்கினார் என்று தல வரலாறு சொல்கிறது. அவரும் ஒருநாள் வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவர்தான், முருகன் தாங்கிப் பிடித்தான் என்பார்கள். தளர்ச்சியின் அடி ஆழத்தைத் தொட்டுவிட்டு வந்தவர். அவர் தூங்கும்போது ஓர் அரக்கி கொல்ல வருகிறாள். முருகன் குழந்தையாக வந்து அவர் பக்கத்தில் விளையாடுகிறான். இருட்டில் அரக்கி பார்க்கிறாள். காவித் துணி போர்த்திய உருவம், பக்கத்தில் ஒரு பச்சைப் பிள்ளை. தாயும் சேயும் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையை இறக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

பாருங்கள், முருகன் அங்கே வேலை எடுக்கவே இல்லை. சண்டையே நடக்கவில்லை. எதிரே இருக்கிறவர் ஒரு பிள்ளைக்குத் தாய் என்று தோன்றியது, அரக்கிக்கே கை எழவில்லை. நாம் அரக்கர்கள் இல்லையே! எதிர்க்கட்சிக் கரைவேட்டியைப் பார்த்தால் கட்சிதான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஆளின் அம்மா தெரிவதில்லை, அந்த ஆளின் பிள்ளை தெரிவதில்லை. இந்தத் தேர்தலில் இங்கே இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன். எந்த வீடு என்று கேட்கவில்லை, சொல்லவும் வேண்டாம். இதே மலையில், சாலை இல்லாத வெள்ளகவிக்கு ஓட்டு எந்திரம் குதிரை முதுகில் போவதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த ஊரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். டோலிக்குத் தோள் கொடுக்கிறவனிடம் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டுவிட்டா ஏறிப் படுப்பார்கள்? மலையில் வாழ்கிறவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனைப் பகைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது.

நேரமாகிவிட்டது, பனி இறங்குகிறது. இரண்டு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஜூன் 4 செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு எண்ண ஆரம்பிப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஜெயித்தவர் யார் என்று தெரிந்துவிடும். ஜெயித்த கட்சிக்காரர்கள் வெடியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், தோற்ற கட்சிக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். அவர் கொடுக்கவில்லை என்றால் மறுநாளும் போங்கள். நடத்தை விதி முடிந்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் திரும்ப ஆரம்பித்ததும், இந்த ஊருக்கு என்ன வேண்டுமோ அதை ஒரே மனுவாக எழுதி, இரண்டு கட்சிக்காரர்களும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஒரே பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.