நாலு நங்கூரம்
தியான பகுதி: அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம்



எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலைக்கு ஊழியத்துக்குப் போகிறோம். கோமுகி அணைக்கு மேலே ஏற்றமும் வளைவுந்தான். வெள்ளிமலை போய்ச்சேருமுன்னே ரேடியேட்டர் கொதித்து ஜீப் நின்றால் உடனே ஒரு கேள்வி எழும்பும்: "ஜெபம்பண்ணிட்டுத்தானே கிளம்பினோம், ஏன் நின்னுச்சு?"

பவுலைப் பாருங்கள். அவர் ரோமாபுரிக்குப் போவது தேவசித்தம். ஆனாலும் புயல் வந்தது. கப்பலில் 276 பேர். 14-ஆம் ராத்திரி ஆழம் பார்த்தால் 20 பாகம். கொஞ்சம் தள்ளி 15 பாகம். பாறை கிட்டே வருகிறது! மாலுமிகள் நாலு நங்கூரம் போட்டு, விடியலுக்காகக் காத்திருந்தார்கள்.

மலையிலே நமக்கு நங்கூரம் கல்லுதான். ஏற்றத்தில் நின்ற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். வளைவிலே தழை ஒடித்துப் போடுங்கள். வர்ற வண்டிக்கு அதுதான் அடையாளம். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வெந்நீர் முகத்தில் அடிக்கும். நல்லா ஆறட்டும். காத்திருக்கிறதும் விசுவாசந்தான்!

இன்னொன்று கவனியுங்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று கர்த்தர் முன்னமே வாக்குக் கொடுத்திருந்தார். அப்படியும் மாலுமிகள், முன்பக்கம் நங்கூரம் போடப்போகிறோம் என்று சாக்குச் சொல்லி, படகில் ஏறி ஓடப் பார்த்தார்கள். இவர்கள் போய்விட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் நூற்றுக்கு அதிபதியை எச்சரித்தார். சேவகர் கயிற்றை அறுத்தார்கள், படகு போயிற்று. வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று பவுல் வேலை தெரிந்தவர்களை விட்டுவிடவில்லை!

வாலிபத் தம்பிமாரே, வண்டி வேலை தெரிந்த நீங்கள் வருகிற லாரியில் ஏறிப் போய்விட்டால், தாய்மார்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்த இருட்டில் யார் துணை? உதவி கேட்டுப் போவது தப்பில்லை. இரண்டுபேராய்ப் போங்கள், சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பி வாருங்கள். சாக்குச் சொல்லி ஓடுவதுதான் பாவம். சபை கஷ்டத்தில் நிற்கும்போதும் இதே கதைதான்!

விடியும் நேரத்தில் பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். பசியோடு யாரும் கரை நீந்த முடியாது. ஆகவே மலைக்குப் போகும்போது வேதாகமத்தோடு தண்ணீரும் சோறும் எடுத்துப் போங்கள்.

முடிவிலே கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர் நீந்தினார்கள். மற்றவர் பலகையைப் பிடித்தார்கள். 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள். கர்த்தர் கப்பலுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, ஜனத்துக்குக் கொடுத்தார். வண்டி போனால் போகட்டும், கூட வந்த ஒரு ஆத்துமாவையும் விடாதிருங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக!

ஆமென். அல்லேலூயா!