யாருடைய கண்?

தென்காசியில் எனக்கு ஓர் அத்தை இருந்தாள். கல்யாணமான இரண்டாம் வருஷமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவள். என் நாவல் ஒன்றில் அவளைப் பாத்திரமாக்கினேன். கதையைச் சொல்லுகிறவன் அவளுடைய அண்ணன் மகன். அதாவது, ஏறக்குறைய நானேதான். படித்து முடித்த அத்தை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "எல்லாம் சரிதான் மருமவனே. எங்க அண்ணன் எனக்காக அழுததை எழுதியிருக்க. நான் அழாம இருந்தேனே, அது ஏன்னு எழுதலியே?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.

குடும்ப நாவலில் யாருடைய கண்ணால் பார்ப்பது என்பதை உத்தியைப் பற்றிய விஷயமாகவே நாம் பேசி வருகிறோம். யாருக்கு நியாயம் கிடைக்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. எல்லாம் அறிந்த ஆசிரியனாக நின்று சொல்லிவிட்டால் தீர்ந்ததா? எந்த வீட்டிலும் எல்லாம் அறிந்தவர் ஒருவரும் இல்லை. அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் வீட்டுக்குப் பெரியவர்தாம்.

நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-இல் வெளிவந்தது. இரணியல் செட்டிமார் குடும்பத்தின் கதை. 'இவள் பெண்ணே இல்லை' என்று பழி சுமத்தி, நாகுவைக் கணவன் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுகிறான். துன்பம் அவளுடையது, ஆனால் நாம் பார்ப்பது தம்பி திரவியின் கண்ணால். இது அவளுக்கு அநியாயம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவனுக்குப் புரியாமல் கண்ணில் படுபவை நமக்குப் புரிந்துவிடுகின்றன. அவளிடம் பாசம் கொண்ட வீடே வழக்கத்துக்கு எப்படிப் பணிந்து போகிறது என்பதை, அதற்குள்ளேயே வளரும் பையன்தான் காட்ட முடியும்.

சாரல் காலத்தில் அத்தை எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போவாள். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஈரத் தலையோடு அவள் திரும்பி வரும்போது கண்கள் சிவந்திருக்கும். அருவியில் நின்றால் யாருக்குத்தான் கண் சிவக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சிவந்த கண்களை நான் நாவலில் எழுதவில்லை. கதைக்கு வேண்டாத விவரம் என்று விட்டுவிட்டேன். பையனின் பார்வை குறுகியது என்பது குற்றமில்லை. அவன் பார்த்ததை நான் மறைத்ததுதான் குற்றம். அவள் நெஞ்சுக்குள் புகுந்து பேச எனக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். அந்தக் கண்களை எழுதியிருந்தால், அவள் கேட்ட கேள்விக்கு வாசகராவது பதில் கண்டுபிடித்திருப்பார்.