தண்ணீருக்கு முன்னால் ஒரு சேதி

திபெத்தில் கிழக்கே ஓடும் சாங்போவும் அசாமில் பாயும் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா? 1880-இல் உறுதியாகச் சொல்ல ஆளில்லை. நம்சா பர்வா மலையைச் சுற்றித் திரும்பும் ஆறு, பெரும் பள்ளத்தாக்கில் இறங்கிக் கண்ணுக்கு மறைந்துவிடும்.

அதைக் கண்டுவர, சிக்கிமைச் சேர்ந்த கிந்துப்பையும் ஒரு லாமாவையும் இந்திய சர்வே துறை அனுப்பியது. அடையாளமிட்ட மரக்கட்டைகளை மேலே ஆற்றில் விட வேண்டும். கீழே அசாமில் ஆட்கள் காத்திருந்து பார்ப்பார்கள்.

கூடப் போன லாமா, கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். கிந்துப் தப்பி ஓடி ஒரு மடத்தில் தஞ்சம் புகுந்தார். ஊருக்குத் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 500 கட்டைகளை வெட்டி ஒளித்துவைத்தார். லாசாவுக்குப் போய், இன்ன நாளில் விடுகிறேன் என்று கடிதம் அனுப்பினார். அவருக்கு எழுதத் தெரியாது. பிறரைக் கொண்டு எழுதவைத்தார். சொன்னபடியே நாளுக்கு 50 வீதம் 10 நாள் கட்டைகளை ஆற்றில் விட்டார்.

கடிதம் உரிய அதிகாரியிடம் போய்ச் சேரவில்லை. கட்டைகள் வந்தபோது கரையில் பார்க்க யாருமில்லை.

தண்ணீர் தானாக வந்துவிடும். சேதி தானாக வராது.

நீங்களும் இன்று யாரோ ஒருவருக்குத் தலைமடை. நீங்கள் எடுக்கும் முடிவு மாலைக்குள் இன்னொருவர் வாசலில் போய் நிற்கும். சம்பளம் தள்ளிப் போகிறதா, வருவதாகச் சொன்ன இடத்துக்கு வர முடியவில்லையா? கடைமடையில் இருப்பவருக்கு முன்னதாகவே ஒரு போன் போடுங்கள். சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2000-இல், சாங்போவில் போய்ச் சேரும் திபெத்தின் யிகோங் ஆற்றை மலைச்சரிவு அடைத்தது. ஜூனில் அந்த அடைப்பு உடைந்து, அருணாசலத்தில் சியாங் எனப்படும் அதே சாங்போவின் கரையில் பாலங்களும் உயிர்களும் போயின. இரண்டே ஆண்டில், மழைக்கால நீர்மட்ட விவரங்களை இந்தியாவுக்குத் தர சீனா ஒப்புக்கொண்டது. 2018 அக்டோபரில் மலை மறுபடி சரிந்து சாங்போவை அடைத்தது. இந்த முறை சீனா முன்கூட்டியே தகவல் சொன்னது. சியாங் கரையின் தாழ்வான பகுதிகளில் இருந்தவர்களை வெள்ளம் வருமுன்பே மேட்டுக்கு அனுப்ப முடிந்தது.