தசைத் துடிப்பும் மனத் துடிப்பும்

உறுப்புத் துடித்தால் பலன் பார்ப்பது தமிழரிடையே பழைய வழக்கம். ஆடவர்க்கு வலமும் பெண்டிர்க்கு இடமும் துடித்தல் நன்று என்பர். சிலப்பதிகாரத்திலும் இந்திர விழாவின்போது கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடித்ததாகக் காண்கின்றோம். சகுனம் பொய்யென்று கற்ற இக்காலத்தவர் இதனைக் கேட்டு நகைக்கின்றனர். ஆயினும் கெண்டைக்கால் சிறிது துடித்ததும் அவர்களே கைபேசியைத் திறந்து, உடலை முடக்கும் கொடிய நரம்பு நோயொன்றின் பெயரைப் படித்து உறக்கம் இழக்கின்றனர். துடிக்கும் சதையில் வருங்காலத்தை வாசிக்கும் மயக்கம் இருசாரார்க்கும் பொதுவன்றோ?

சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் உழைக்கும் நம் சகோதர சகோதரிகளையும் இவ்வச்சம் விட்டுவைப்பதில்லை. நாளெல்லாம் குந்தியிருந்து காயெடுத்த கால், இரவு படுத்தவுடன் துள்ளுகின்றது. நரம்பொன்று தானே தூண்டுதல் எழுப்ப, அதனைச் சார்ந்த தசைநார்கள் ஒரு கணம் சுருங்குகின்றன, இவ்வளவே. அயர்வு, உறக்கக் குறைவு, மிகுந்த தேநீர், காப்பி, மனக்கவலை ஆகியன இதனை மிகுவிக்கும். துடிப்பால் கவலையும் கவலையால் துடிப்பும் வளரும். நூற்பாலையில் உழைத்தோர் அறிவர்: ஓடும் நூலின் உறுதியை ஓயாது தொட்டுப் பார்ப்பவனே அதனை அறுக்கின்றான்.

இச்சுழலை அறுப்பது அறிவே. தீங்கற்ற தசைத் துடிப்புடைய 121 பேரை அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். அவருள் ஒருவர்க்கேனும் அக்கொடிய நோய் வரவில்லை.

எனினும் அஞ்சாமை வேறு, அசட்டை வேறு. கைப்பிடி தளர்தல், கால் இழுபடுதல், சதை மெலிதல், பேச்சுக் குழறுதல் ஆகியன கண்டால் வைத்தியரை நாடுக. தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தபின் தசை துடித்து, வியர்வையும் எச்சிலும் பெருகி, வாந்தியோ மூச்சுத் திணறலோ கண்டால் அது நஞ்சின் குறியாகலாம். ஒரு நொடியும் தாழாது மருத்துவமனைக்குச் செல்க.

வைத்தியர் நன்கு சோதித்து நோயில்லையென்று உரைத்த பின்னும் வேறொருவரைத் தேடி ஓடுபவர் வேண்டுவது யாது? இனி எந்நோயும் வாராது என்னும் உறுதியையே வேண்டுகின்றனர். அதனை எவ்வைத்தியரும் தரவியலாது. பகவன் புத்தரும் எண்பதாம் ஆண்டில் நோயுற்றார். தரவியலாததைத் தேடிக் கூலிப்பணம் கரைகின்றது. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தன் காலையே உற்று நோக்கியிருப்பவர் பிள்ளையின் பசியையும் பக்கத்து வீட்டார் துயரையும் நோக்குவதில்லை. அவர்க்கு உரிய கவனத்தை ஒரு துளித் தசைக்குக் கொடுத்துவிடுதல் முறையாகுமா?

உடலை உடலாகவே காண்க என்பது பகவன் போதனை. துடிப்பு எழுகின்றது, நிற்கின்றது. அதனைத் துடிப்பென்றே அறிந்து, தேநீரைக் குறைத்து, வேளையோடு உறங்கி, விடிந்ததும் கடமை மேற்கொள்வோமாக.