எளியோன் வெற்றி எது?

1444-ஆம் ஆண்டு நவம்பர் 11! 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' எனும் கணினி விளையாட்டு அந்நாளில் தொடங்குகிறது. 2013-இல் வெளிவந்த அவ்விளையாட்டில் இளைஞன் ஒருவன் ரியூக்யூ நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். கடல் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகள். வாணிபமே வாழ்வாகக் கொண்ட சிற்றரசு. வரலாற்றில் 1609-இல் சட்சுமா படை அதனை அடக்கிற்று. 1879-இல் ஜப்பான் விழுங்கிற்று. திரையிலோ அந்த முடிவு கட்டாயமன்று! எளியோன் வீழ்ந்தது தலையில் எழுதிய எழுத்தால் அன்று, படைபலத்தாலும் சூழலாலுமே என்று காட்டுகிறதே, விதி பேசும் வேதாந்திகள் வெட்கும்படி, அதனை வரவேற்கிறேன்.

ஆனால், அங்கே ரியூக்யூவுக்கென வைத்திருக்கும் விருது எதற்கு? தன் தீவுகளைக் காத்ததற்கா? இல்லை, தோழர்களே! உலகம் முழுவதையும் தன் ஆட்சிக்குக் கீழ்க் கொணர்ந்தால்தான் 'மூன்று மலைகள்' எனும் அவ்விருது! "நான் அடிமையாக இரேன்" என்பது ஒன்று. "எனக்கு அடிமைகள் வேண்டும்" என்பது முற்றிலும் வேறொன்று. இரண்டையும் ஒரே வீரமென்று இளைஞன் நெஞ்சில் பதிய வைப்பது முறையா?

மற்றொரு விளையாட்டு, 'சிவிலைசேஷன் 6'. கனடாவின் கிரீ மக்கள் தலைவர் பவுண்ட்மேக்கரை 2018-இல் அதில் சேர்த்தனர். பெருமைதானே என்பீர்! அவர் வழிவந்த மக்களின் தலைவர்களுள் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் அவ்வாறு கொள்ளவில்லை. பிறரை வென்று நிலம் கவரும் குடியேற்றக்காரர் எண்ணமே தம் முன்னோர்க்கும் இருந்தது போலக் காட்டுவது பொய் என்று கண்டித்தார்.

வரலாறு அவர் பக்கமே நிற்கிறது. 1885 மே 2, கட் நைஃப் குன்று. விடியலில் தாக்க வந்த கனடியப் படை முடியாமற் பின்வாங்கிற்று. துரத்தி அழிக்கத் துடித்த தம் வீரர்களைப் பவுண்ட்மேக்கர் தடுத்து நிறுத்தினார். காப்பதற்கான போர் முடிந்தது, இனி நடப்பது கொலை என்று கருதினார் போலும்! அதற்குக் கிடைத்த பரிசு? அரச துரோகக் குற்றச்சாட்டு, சிறை, 1886-இல் சாவு. அவர் குற்றமற்றவர் என்று கனடிய அரசு கூற 2019 வரை ஆயிற்று.

விளையாட்டை ஆக்கியோர் கொடியோர் அல்லர். கூட்டணி அமைப்பதில் அவருக்குத் தனித்திறன் அளித்து மதிக்கவே முயன்றனர். ஆயினும், அதே விளையாட்டில் நகரமின்றிப் பாடி அமைத்து வாழும் கூட்டத்தாருக்கு இட்ட பெயர் என்ன? காட்டுமிராண்டிகள்! காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த கிரீ மக்களுக்கு அப்பெயர் வராதிருக்க, அவர்கள் கையில் நகரங்களைத் திணிக்க வேண்டியதாயிற்று.